தினமும் ஓட்டும் காருக்கு எடை குறைந்த ஃப்ளைவீல்: எவ்வளவு குறைக்கலாம், எங்கே குறைக்கலாம்

ஃப்ளைவீல் என்பது எஞ்சினின் முனையில், கிளட்ச்சோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம். எடை குறைந்த ஃப்ளைவீல் போட்டால் காரின் பவர் அதிகமாகிவிடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் விசாரிக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். எஞ்சினின் குதிரைத்திறன் முன்பு எவ்வளவோ அவ்வளவேதான் இருக்கும். எஞ்சின் வேகம் ஏறவும் இறங்கவும் எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டுமே மாறும். அந்த ஒரு மாற்றம் கார் ஓட்டும் சுகத்தையே புதிதாக்கிவிடுகிறது என்பது உண்மை. அளவு தெரியாமல் போட்டால், ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சின் அணைந்து அணைந்து போகும் என்பதும் உண்மை.

என்னிடம் இருப்பது பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 106 குதிரைத்திறன், ஐந்து கியர், ஏறக்குறைய ஒரு டன் எடை. கோயம்புத்தூரில் வடவள்ளியிலிருந்து பீளமேட்டுக்கு வேலைக்குப் போவதும், சனிக்கிழமை காய்கறி வாங்கப் போவதும், விடுமுறையில் வால்பாறை ஏறுவதும் இந்த ஒரே வண்டியில்தான். மனைவியும் ஓட்டுவார். வேறு கார் கிடையாது. 'தினசரி வண்டி' என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான். பந்தயத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு.

கிளட்ச் தேய்ந்து வழுக்க ஆரம்பித்தபோதுதான் இந்தப் பேச்சே வந்தது. எப்படியும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். கூலியில் பெரும்பகுதி இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும்தான் போகிறது. ஃப்ளைவீல் மாற்றும் எண்ணம் இருப்பவர்களுக்கு இதைவிடச் சரியான நேரம் இல்லை. நல்ல கிளட்ச் இருக்கும்போது ஃப்ளைவீலுக்காக மட்டும் கியர்பாக்ஸை இறக்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நான்கு அசைவுக்கு ஒரு முறைதான் விசை தருகிறது. நான்கு சிலிண்டர் என்றால் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் 180 பாகை சுற்றுவதற்கு ஒரு தள்ளல், மூன்று சிலிண்டர் என்றால் 240 பாகைக்கு ஒன்று. இடைப்பட்ட நேரத்தில் எஞ்சினைச் சுற்றவைப்பது ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல்தான். காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தின் அடியில் இருக்கும் பெரிய இரும்புச் சக்கரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. மிதி மேலும் கீழும் விட்டுவிட்டுப் போகிறது, ஊசி சீராக ஓடுகிறது. அந்தச் சக்கரத்தைப் பாதியாகச் செதுக்கினால் தைக்கத் தொடங்குவது எளிது, சட்டென்று நிறுத்துவதும் எளிது. ஆனால் மெதுவாகத் தைக்கும்போது திணறும். காரில் அந்த 'மெதுவாக' என்பது ஐட்லிங்கும் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவது), வண்டியை நகர்த்தும் முதல் இரண்டு வினாடியும்.

ஆகவே தினசரி வண்டிக்குக் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு குறைக்கலாம்? கடையில் இதற்குக் கிடைக்கும் பதில் கிலோவில் இருக்கும். அந்தக் கிலோ அரை உண்மைதான் என்பது, பெட்டியிலிருந்து எடுத்த ஃப்ளைவீல்களை நானே தொங்கவிட்டு அளந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

பதினோராம் வகுப்பு இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் படித்திருப்போம். சுற்றும் பொருளில் எடை எவ்வளவு என்பதைவிட, அது மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது முக்கியம். தூரத்தின் வர்க்கத்தோடு பெருக்க வேண்டும். ஃப்ளைவீலின் விளிம்பில், 13 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு கிலோ இரும்பு, 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு கிலோவைப்போல் கிட்டத்தட்ட ஏழு மடங்கு எதிர்ப்பு காட்டும். போல்ட் துளைகளுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டு எடை குறைத்த ஃப்ளைவீலுக்கும், விளிம்பைச் செதுக்கிக் குறைத்த ஃப்ளைவீலுக்கும் தராசில் ஒரே எண் வரலாம். காரில் இரண்டும் வேறு வேறு.

இதை வீட்டிலேயே அளக்கலாம், சொல்லித் தருகிறேன். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைப் பூட்டும் போல்ட் துளைகளில் சம இடைவெளியில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே நீளமுள்ள மூன்று மெல்லிய கம்பிகளைக் கட்டுங்கள். உத்தரத்திலோ வலுவான சட்டத்திலோ ஃப்ளைவீலைத் தரைக்குச் சமமாகத் தொங்கவிடுங்கள். மேலே கட்டும் இடங்களும் கீழே உள்ள துளைகளுக்கு நேர் மேலே, அதே இடைவெளியில் இருக்க வேண்டும். கம்பி ஒன்றரை மீட்டர் இருந்தால் வசதி. சக்கரத்தைச் சிறிது முறுக்கி விட்டால் இப்படியும் அப்படியுமாக மெதுவாகத் திரும்பித் திரும்பி ஆடும். பக்கவாட்டில் ஊசலாடக் கூடாது, முறுக்கு மட்டும் இருக்க வேண்டும். 20 அலைவுகளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். அதே கம்பியில், அதே துளை வட்டத்தில் அடுத்த ஃப்ளைவீலைத் தொங்கவிட்டு மறுபடியும் பாருங்கள். எடையை, நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும் எண்கள்தான் இரண்டின் திருப்புத்திறன் விகிதம். பாரம் எட்டு கிலோ, அது கால்மேல் விழக்கூடிய பொருள் என்பதால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டால் போதும்.

நான் மூன்றை அளந்தேன். வண்டியோடு வந்த அசல் ஃப்ளைவீல் 8 கிலோ, 20 அலைவுக்கு 40.6 வினாடி. வாங்குவதற்குப் பேசி வைத்திருந்த ஒரே துண்டு எஃகு ஃப்ளைவீல் 5 கிலோ, 36.7 வினாடி. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வண்டி ஓட்டும் நண்பர் தன் காருக்கு வாங்கி வைத்திருந்த அலுமினிய ஃப்ளைவீல் 3.7 கிலோ, 39.1 வினாடி. பெருக்கிப் பார்த்தால், அசலை 100 என்று வைத்துக்கொண்டால் எஃகு 51, அலுமினியம் 43. தராசில் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் 1.3 கிலோ வித்தியாசம் இருக்கிறது, பெரிதாகத் தெரிகிறது. திருப்புத்திறனில் எட்டு புள்ளிதான். காரணம் எளிது. அலுமினிய ஃப்ளைவீலிலும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல் கடிக்கும் ரிங் கியர் எஃகில்தான் இருக்க வேண்டும், அது விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. கிளட்ச் பிளேட் உரசும் வளையமும் எஃகுதான். குறைந்த எடையில் பெரும்பகுதி நடுவில் குறைந்தது. எஃகு ஃப்ளைவீலிலோ ரிங் கியருக்கு உட்புறம் ஆழமாகச் செதுக்கி, வேண்டிய இடத்தில் எடையை எடுத்திருந்தார்கள்.

இந்த 49 சதவீதக் குறைவு முழுவதும் காரில் உணரப்படாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஃப்ளைவீலோடு பிரஷர் பிளேட், கிளட்ச் பிளேட், கிராங்க் ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்துதான் சுற்றுகின்றன. அவை மாறவில்லை. மொத்தத்தில் குறைவது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். தினசரி வண்டிக்கு அதுவே நிறைவான அளவு என்பது என் முடிவு.

இனி, இந்தக் குறைவு சாலையில் என்ன செய்கிறது? அசல் ஃப்ளைவீலுக்கும் எஃகுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 0.035 கிலோகிராம் மீட்டர் வர்க்கம். கியர் விகிதத்தையும் டயரின் ஆரத்தையும் வைத்து, இது காரிலிருந்து எத்தனை கிலோவை இறக்கியதற்குச் சமம் என்று கணக்கிடலாம். சிறிய பெட்ரோல் கார்களில் முதல் கியரில் எஞ்சின் ஏறக்குறைய 14 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. டயரின் ஆரம் 28 சென்டிமீட்டர். 14ஐ 0.28ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, 0.035ஆல் பெருக்கினால் 88 கிலோ. முதல் கியரில் வேகம் எடுக்கும்போது காரிலிருந்து ஒரு பெரிய ஆளை இறக்கிவிட்டதற்குச் சமம். இரண்டாம் கியரில் இதே கணக்கு 25 கிலோ, மூன்றாம் கியரில் 11, ஐந்தாம் கியரில் வெறும் 4. ஒரு டன் வண்டியில் நான்கு கிலோ எந்த மூலைக்கு? அவிநாசி தாண்டி நெடுஞ்சாலையில் மூன்றிலக்க வேகத்தில் போகும்போது உங்கள் காரில் எந்த ஃப்ளைவீல் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது. 'மேட்டில் வேகம் விழுந்துவிடும்' என்று பயமுறுத்துவார்கள். இந்த எண்களைப் பார்த்தால் அதற்கு இடமில்லை என்பது தெரியும்.

மைலேஜ் கூடும் என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இந்த இரண்டு ஃப்ளைவீல்களிலும் சேர்ந்திருக்கும் ஆற்றலின் வித்தியாசம் 1.7 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32,000 கிலோஜூல் இருக்கிறது. எஞ்சினில் வீணாகும் பங்கையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தாலும், மிச்சமாவது டேங்க் நிரப்பும்போது கண்ணில் படும் அளவுக்கு வராது. என் வண்டியிலும் மைலேஜில் மாற்றம் தெரியவில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, அசல் ஃப்ளைவீலையே லேத்தில் கொடுத்துச் செதுக்குவது. கோயம்புத்தூரில் இதற்குப் பஞ்சமில்லை. நல்ல கைத்திறமை உள்ள லேத் பட்டறை தெருவுக்கு ஒன்று இருக்கிறது, பாலன்சிங் இயந்திரமும் கிடைக்கும். செலவும் மிகக் குறைவு. ஆனாலும் வார்ப்பிரும்பு ஃப்ளைவீலைச் செதுக்குவதற்கு நான் உடன்பட மாட்டேன். 27 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு வினாடிக்கு 99 மீட்டர், அதாவது மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. விளிம்பைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஐந்தாம் கியருக்குப் பதில் மூன்றாம் கியர் விழுந்து எஞ்சின் 9,000 தொட்டுவிட்டால் அந்த விசை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உடையும். கிளட்ச் சூட்டில் அதன் முகத்தில் மயிரிழை வெடிப்புகள் ஏற்கெனவே இருக்கலாம். உடைந்த துண்டைத் தடுக்க இருப்பது கியர்பாக்ஸின் மெல்லிய அலுமினிய உறை மட்டுமே. முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் எஞ்சின் குறுக்கே படுத்திருப்பதால், ஃப்ளைவீல் சுற்றும் தளம் ஓட்டுநரின் கால்களை நோக்கித்தான் இருக்கிறது.

என் மெக்கானிக் அண்ணன் பட்டறையில் பழைய ஃப்ளைவீல் ஒன்றை எடுத்து, அதன் முகத்தில் விரலை ஓட்டிக் காட்டினார். நீலம் பாய்ந்த திட்டுகளுக்கு நடுவில், மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடும் மெல்லிய கோடுகள். கண்ணுக்குத் தெரிவதைவிட நகத்துக்கு நன்றாகத் தட்டுப்பட்டன. "தம்பி, இதை லேத்தில் ஒரு பிடி பிடித்தால் மேலே பளபள என்று ஆகிவிடும். கோடு உள்ளே இறங்கியிருப்பது யாருக்குத் தெரியும்?" என்றார். பந்தயங்களுக்கு வரும் ஃப்ளைவீல்களுக்கு அமெரிக்காவின் எஸ்எஃப்ஐ அமைப்பு 1.1 என்று ஒரு தரக்குறியீடு வைத்திருப்பதே இந்த வெடிப்பு ஆபத்துக்காகத்தான். வாங்கும் பொருளில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

இரண்டாவது வழி அலுமினியம். பந்தய ஓட்டத்துக்கு அருமையான பொருள். நண்பரின் காரை ஊருக்குள் சில நாள் ஓட்டிப் பார்த்தேன். ஆக்சிலரேட்டரைத் தொட்டால் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் துள்ளுகிறது. கியரைக் கீழிறக்கும்போது எஞ்சின் சுற்றை அந்தக் கியருக்கு ஏற்றபடி பொருத்துவது அவ்வளவு சுகம். ஆனால் நான் தயங்கியது சூட்டை நினைத்துத்தான். வண்டி நகரும்போது கிளட்ச் சிறிது வழுக்கித்தான் பிடிக்கிறது, அந்த வழுக்கலின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் முக்கியமான பொருள் ஃப்ளைவீல். அலுமினிய ஃப்ளைவீலில் அந்த வெப்பம் முதலில் இறங்குவது உரசும் எஃகு வளையத்தில். அந்த வளையம் மெல்லியது, திருகிப் பொருத்தப்பட்டது. அலுமினியம் சூட்டில் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். மாலை நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்தே வீடு சேர்பவர்களுக்கும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது அரசுப் பேருந்துக்குப் பின்னால் நின்று நின்று கிளம்புபவர்களுக்கும் இது நல்லதல்ல.

மூன்றாவது வழி, நான் எடுத்தது: ஒரே துண்டாகக் கடைந்தெடுத்த குரோம் மாலிப்டினம் எஃகு. உரசும் முகமும் உடம்பும் ஒரே உலோகம், தேய்ந்தால் ஒரு முறை லேத்தில் கொடுத்து முகத்தைச் சமன்செய்துகொள்ளலாம். இதிலும் எடை குறைவதால் அதே வெப்பத்துக்கு அசலைவிடக் கூடுதலாகச் சூடேறும் என்பது மாறாது. 8 கிலோவுக்குப் பதில் 5 கிலோ என்றால் ஒவ்வொரு கிளம்பலுக்கும் சூடேற்றம் ஒன்றரை மடங்குக்கு மேல். அதனால்தான் இன்னும் குறைந்த எடையில், 4 கிலோவுக்கும் கீழே கிடைத்த எஃகு ஃப்ளைவீலை நான் தொடவில்லை. அசலிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடையைக் குறைப்பது, அதுவும் விளிம்பிலிருந்து. ஊருக்குள் ஓடும் நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டிக்கு என் அளவுகோல் இதுதான்.

பொருந்துமா என்று பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. இங்கே அவசரம் கூடாது. கிராங்க் ஷாஃப்டின் போல்ட் எண்ணிக்கையும் வட்டமும், ரிங் கியரின் பற்களின் எண்ணிக்கை, பிரஷர் பிளேட்டின் போல்ட் துளைகளும் அதைச் சரியான இடத்தில் உட்காரவைக்கும் டவல் ஊசிகளும், கிளட்ச் பிளேட்டின் விட்டம், உரசும் முகத்தின் உயரம். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முகம் இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கின் இடம் மாறி, கிளட்ச் முழுதாக விடுபடாமல் கியர் கரகரக்கும். அசலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு நேர்ச்சட்டத்தைப் போட்டு அளந்தால் முடிந்தது. ரெனோ எஞ்சின்களிலும் சில ஃபோர்டு எஞ்சின்களிலும் கிராங்க் சென்சார் படிக்கும் பற்களே ஃப்ளைவீலில்தான் இருக்கின்றன. அவை தப்பாக இருந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

புதிய கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. எஞ்சின் கணினி, கிராங்க் ஷாஃப்டின் சின்னச் சின்ன வேகத் தடுமாற்றத்தை வைத்துத்தான் ஏதாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறதா என்று கண்டுபிடிக்கிறது. ஃப்ளைவீல் இலேசானால் அந்தத் தடுமாற்றம் இயல்பாகவே கூடும். ஒன்றும் பழுதில்லாமலே பி0300 என்ற குறியீட்டோடு எஞ்சின் விளக்கு எரியலாம். பிஎஸ்6 மாசுக்கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களில் பலர் இந்த எண்ணத்துக்கு வருவதே, ஆக்சிலரேட்டரை விட்டபிறகும் சுற்று உடனே இறங்காமல் தொங்குகிறது என்ற எரிச்சலில்தான். அந்தத் தொங்கல் பெரும்பாலும் எஞ்சினுக்குக் காற்று விடும் மின்னணு திராட்டிலை மெதுவாக மூடச் சொல்லும் கணினியின் வேலை. ஃப்ளைவீலை மாற்றினால் ஓரளவு குறையும், போகாது.

வேலை நடக்கும் நாளில் கூடவே மாற்ற வேண்டியவற்றை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்: கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீலின் நடுவில் உட்காரும் பைலட் பேரிங், புது ஃப்ளைவீல் போல்ட்கள், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல். அந்த சீல் கசிந்து எண்ணெய் புது கிளட்ச்சில் பட்டால் செய்த வேலை எல்லாம் வீண். போல்ட்களைக் குறுக்கும் நெடுக்குமாக, படிப்படியாக, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். என் எஞ்சினுக்கு ஃப்ளைவீல் போல்ட் 118 நியூட்டன் மீட்டர், பிரஷர் பிளேட் போல்ட் 25. கைக்கணக்கு இங்கே உதவாது. இந்த விஷயத்தில் மட்டும் பட்டறையில் கூடவே நின்று பாருங்கள். புது ஃப்ளைவீலின் முகத்தில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள். அதை பிரேக் கிளீனரால் துடைத்து, வெள்ளைத் துணியில் கறை வராத வரைக்கும் துடைக்க வேண்டும். ஃப்ளைவீல் தனியாக பாலன்ஸ் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இதே சமயத்தில் கிராங்க் புல்லியையும் இலேசானதாக மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ரப்பர் வைத்த அந்தப் புல்லி கிராங்கின் முறுக்கு அதிர்வை அடக்குவதற்காக இருக்கிறது.

ஓட்டும்போது என்ன தெரிந்தது என்று சொல்கிறேன். முதலில் கண்ணில் பட்டது ஐட்லிங். முள் நிலையாக நிற்கிறது, ஆனால் ஏசி கம்ப்ரசர் பிடிக்கும் நொடியில் ஒரு சின்ன இறக்கம், பிறகு நிமிர்கிறது. முன்பு அந்த இறக்கத்தை ஃப்ளைவீல் விழுங்கிவிடும். திராட்டில் உடலைச் சுத்தம் செய்து, ஐட்லிங்கைச் சிறிதளவு ஏற்றி வைத்ததும் அது சரியாகிவிட்டது. நியூட்ரலில் கிளட்ச் விட்டிருக்கும்போது கியர்பாக்ஸிலிருந்து இலேசான கிரிகிரி சத்தம் கேட்கும், மிதித்தால் நின்றுவிடும். பழுது அல்ல. எஞ்சினின் தள்ளல்கள் முன்பைவிடச் சற்று நேரடியாக கியர்களுக்குப் போவதால் வரும் சத்தம். ஸ்பிரிங் வைத்த கிளட்ச் பிளேட்டைப் போட்டால் இவ்வளவோடு நிற்கும். ஸ்பிரிங் இல்லாத பந்தய பிளேட் போட்டால் காது கொடுத்து உட்கார முடியாது.

கியர் மாற்றும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேல் கியருக்குப் போகும்போது சுற்று முன்பைவிட வேகமாக விழுகிறது. ஆற அமர கியர் போட்டால், கிளட்ச்சை விடும்போது எஞ்சின் தேவைக்குக் கீழே இறங்கியிருக்கும், வண்டி தலையாட்டும். சற்று விரைவாகப் போட்டால் வெண்ணெய்போல் விழுகிறது. கீழ் கியருக்குத்தான் உண்மையான பரிசு. வால்பாறை வளைவுகளில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் போதும், சுற்று அந்த இடத்துக்கு வந்து நிற்கிறது. வளைவிலிருந்து வெளியே வரும்போது இரண்டாம் கியரில் வண்டி கிளம்பும் துடிப்பு எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. இறக்கத்தில் எஞ்சின் பிரேக் குறைந்துவிடுமோ என்று மனைவி கேட்டார். குறையாது. அந்தப் பிடி சிலிண்டருக்குள் நடக்கும் உறிஞ்சலாலும் உராய்வாலும் வருவது, ஃப்ளைவீலுக்கு அதில் பங்கில்லை.

வண்டியை நகர்த்துவதுதான் எல்லாரும் பயப்படும் இடம். 1,500 சுற்றில் அசல் ஃப்ளைவீலில் 890 ஜூல் சேர்ந்திருக்கும் என்றால் இதில் ஏறக்குறைய 450. கிளட்ச்சை மட்டும் விட்டு வண்டியை ஊர வைக்கும் பழக்கம் சமதளத்தில் இன்னும் நடக்கிறது, மேம்பால ஏற்றத்தில் நடப்பதில்லை. அங்கே ஆக்சிலரேட்டரை முதலில் தொட்டுக்கொண்டு, கிளட்ச்சைப் பிடிக்கும் அளவுக்கு விட்டு, பிறகு ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும். அதுவே இயல்பாகிவிடும். ஆனால் வீட்டில் வேறு யாராவது ஓட்டுகிறார்கள் என்றால், வாங்குவதற்கு முன் இதே மாதிரி வண்டி ஒன்றில் அவர்களை ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பச் சொல்லிப் பாருங்கள். என் மனைவி நண்பரின் அலுமினிய ஃப்ளைவீல் காரை ஓட்டிவிட்டு, "உங்களுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போக எனக்கு ஆட்டோ வைத்துக் கொடுத்துவிடுங்கள்" என்றார். எஃகைத் தேர்ந்தெடுத்ததில் அந்தச் சொல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது அவர் எந்தக் குறையும் சொல்லாமல் ஓட்டுகிறார்.

புது கிளட்ச் பழகும் வரைக்கும், முதல் 800 கிலோமீட்டராவது, இரைச்சலாகக் கிளம்புவதையும் மலை ஏறுவதையும் தள்ளிப்போடுங்கள். நான் ஊருக்குள்ளேயே ஓட்டித்தான் அதைக் கடந்தேன்.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. டீசலின் தள்ளல் ஒவ்வொன்றும் கடுமையானது, குறைந்த சுற்றில் அதிக திருப்புவிசை. அதனால்தான் பல டீசல்களில் நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல் வருகிறது. இதைக் கார்களுக்குத் தொடர் உற்பத்தியில் 1985இல் கொண்டுவந்தது ஜெர்மனியின் லூக் நிறுவனம். அதன் கிளட்ச் தொழிற்சாலை ஒன்று நம் ஓசூரிலேயே இருக்கிறது. அந்த இரட்டை ஃப்ளைவீலை எடுத்துவிட்டு இலேசான ஒற்றை ஃப்ளைவீல் போட்டால், அது விழுங்கிக்கொண்டிருந்த அதிர்வெல்லாம் கியர்பாக்ஸுக்குப் போகும். சத்தம் மட்டுமல்ல, பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் தேய்மானம். மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டிகளுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 240 பாகைக்கு ஒரு தள்ளல் என்பதால் ஐட்லிங்கில் அவற்றுக்கு ஃப்ளைவீலின் உதவி கூடுதலாகத் தேவை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிப் பேசுகிறது. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் காரில் இந்த வேலையைத் தொடாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலையும் பில்லையும் வண்டிக் காகிதங்களோடு வைத்திருங்கள்.

கழற்றிய அசல் ஃப்ளைவீலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். முகத்தில் கிரீஸ் பூசி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, படுக்கை வாட்டில் வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் அதைத்தான் கேட்கக்கூடும். இந்த வயதுள்ள கார்களுக்கு நல்ல அசல் ஃப்ளைவீல் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிக்கொண்டே போகிறது.